மெலிந்த பிறகுதான் கடலா?

“முதல்ல ஒரு முப்பது கிலோ குறைங்க சார். அப்புறம் ஸ்கூபாவைப் பத்திப் பேசலாம்.”

இதே பேச்சை நான் நாலு பேரிடம் கேட்டுவிட்டேன். மும்பை வடாலாவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலையில் என்னோடு நடக்கிற நண்பர் சொன்னார். ஜிம் பயிற்சியாளர் சொன்னார். மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். கடைசியாகக் கொங்கண் கரையில், கடலுக்குள் ஆட்களை இறக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரும் சொன்னார். நால்வருக்கும் என்மேல் அக்கறைதான். ஆனால் நால்வர் சொன்னதும் தவறு. அந்தத் தவறு என்னோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கடல் ஆசையை மூட்டைகட்டி வைத்த பெரிய உடம்புக்காரர்கள், முக்கியமாகப் பெண்கள், எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் எடை 110 கிலோ. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். மாதச் சம்பளக்காரன், பணத்தை எண்ணித்தான் செலவு செய்ய முடியும். அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் நேர்மையாக வைத்துவிடுகிறேன். பெருத்த உடம்பு மிதக்கும், ஆகவே இடுப்பில் ஈயத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது ஒன்று. கடையில் இருப்பதிலேயே பெரிய அளவை வாங்குவதுதான் வழி என்பது இரண்டு. அதற்கு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு செலவாகும் என்பது மூன்று. எல்லாம் கிடைத்தாலும் அந்த உடம்புக்குக் கடல் ஆபத்து என்பது நான்கு. நான்காவதில் பாதி உண்மை இருக்கிறது. அதைக் கடைசியில் எடுக்கிறேன். முதல் மூன்றில் உண்மை மிகக் குறைவு.

ஈயத்திலிருந்து தொடங்குவோம். என்னை முதன்முதலில் கடலில் இறக்கியபோது 14 கிலோ ஈயம் கட்டினார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மோட்டா ஆத்மி, தூக்கி அடிக்கும்” என்று சொல்லி இடுப்பில் கோத்தார்கள். எடைபோட்டும் பார்க்கவில்லை, தண்ணீரில் சோதித்தும் பார்க்கவில்லை.

கணக்குப் போடுவோம். உடலியல் கணக்குகளில் கொழுப்பின் அடர்த்தி லிட்டருக்கு 0.9 கிலோ, மற்ற உடம்பின் அடர்த்தி 1.1 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 110 கிலோ மனிதருக்கு 40 கிலோ கொழுப்பு என்று வையுங்கள். அந்தக் கொழுப்பு 44.4 லிட்டர், மீதி 70 கிலோ 63.6 லிட்டர், ஆக 108 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் இந்த உடம்பு விலக்கும் நீரின் எடை 110.7 கிலோ. நுரையீரல் காற்றைத் தனியே வைத்தால், அவர் மிதப்பது முக்கால் கிலோ அளவுக்குத்தான். இனி 70 கிலோ மனிதர் ஒருவர், அவருக்கு 12 கிலோ கொழுப்பு என்று வையுங்கள். அவர் விலக்குவது 66 லிட்டர், அதாவது 67.7 கிலோ. அவர் இரண்டே கால் கிலோ அளவுக்கு மூழ்குவார். இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 3 கிலோ. அதைத் தாண்டிய ஈயத்துக்கு என் கொழுப்பு காரணமில்லை.

அப்படியானால் 14 கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி உடையிலிருந்து. எனக்கு மாட்டிவிட்டது 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் வெட்சூட். நியோப்ரீன் என்பது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர், தானே மிதக்கும். உடம்பு பெரிதாக இருந்தால் உடையில் ரப்பரும் கூடும், மிதப்பும் கூடும். இன்னொரு பகுதி பயத்திலிருந்து. முதல் முறை இறங்குகிறவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொள்வார். நுரையீரலில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஒரு கிலோ மிதப்பு. ஒல்லியானவருக்கும் இது நடக்கும். ஆனால் அவர் மிதந்தால் “மூச்சை விடுங்க” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் மிதந்தால் இன்னும் இரண்டு கிலோ கோக்கிறார்கள்.

கூடுதல் ஈயம் வெறும் பாரமாகக் கிடக்காது, கீழே போனதும் வேலையைக் காட்டும். தேவைக்கு மேல் 4 கிலோ ஈயம் இருந்தால், அதை ஈடுகட்ட, மிதப்பைச் சரிசெய்ய அணியும் காற்றுச் சட்டைக்குள் 4 லிட்டர் காற்றை ஊத வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு. அந்த 4 லிட்டர், 5 மீட்டருக்கு ஏறும்போது ஐந்தேகால் லிட்டருக்கு மேல் விரியும். வெளியே விடாவிட்டால் மேற்பரப்பில் 8 லிட்டராகும். ஏற ஏற அது இன்னும் வேகமாக மேலே இழுக்கும். முக்குளிப்பில் அஞ்ச வேண்டியது இந்தக் கட்டுப்பாடற்ற ஏற்றத்தைத்தான். பாதுகாப்புக்கு என்று சொல்லிக் கட்டிய ஈயமே ஆபத்தை உண்டாக்குகிறது.

தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. கல்லைத் துணையாக வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார்கள். தோணியில் இருப்பவர் அதைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வார். இறங்குவதற்குத் தேவைப்பட்ட பாரத்தை வேலை செய்யும் நேரத்தில் உடம்பில் வைத்துக்கொண்டதில்லை. நாம் இடுப்பில் கோத்துக்கொண்டு போகும் ஈயம் கடைசிவரை கூடவே வருகிறது. ஆகவே அதைக் கண்மதிப்பில் கட்டக் கூடாது, அளந்து கட்ட வேண்டும்.

அளப்பதும் எளிது. சிலிண்டரில் 50 பார் காற்று மிச்சமிருக்கும் நிலையில், எல்லாக் கருவிகளையும் மாட்டிக்கொண்டு, ஆழமான நீரில் அசையாமல் நிற்க வேண்டும். காற்றுச் சட்டையைக் காலி செய்து, இயல்பான ஒரு மூச்சைப் பிடித்தால் தண்ணீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் ஏன் ஏறத்தாழக் காலியாக இருக்க வேண்டும்? நம் கரைகளில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். அதில் அடைத்த காற்றே இரண்டரை கிலோ எடை. அது தீர்ந்து வரும்போது சிலிண்டர் இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கத் தொடங்கும். இப்படிச் சோதித்துச் சோதித்து நான் வந்து நின்றது 6 கிலோவில். எடை ஒரு கிலோகூடக் குறையாத அதே உடம்பு. ஈயம் மட்டும் 14இலிருந்து 6.

இனி இரண்டாவது வாதம். இருப்பதிலேயே பெரிய அளவைக் கொடுங்கள் என்கிறார்கள். எனக்குக் கொடுத்த மூன்று எக்ஸ் ஜாக்கெட்டில், அதாவது காற்றுச் சட்டையில், வயிற்றுப் பட்டையின் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளவில்லை. தோளிலோ அது தொளதொளவென்று தொங்கியது. காற்றை ஊதியதும் ஜாக்கெட் காதுவரை ஏறியது, விலாவை நெரித்தது, மூச்சு முட்டியது. பெரிய அளவு என்று கடை வைத்திருப்பது சின்ன ஆளின் சட்டையை எல்லாப் பக்கமும் சமமாக ஊதிப் பெரிதாக்கியது. மனித உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. ஒருவருக்கு வயிறு, ஒருவருக்குத் தொடை, ஒருவருக்கு மார்பு, ஒருவருக்குக் கெண்டைக்கால். பெண்கள் படும் பாடு இன்னும் மோசம். ஆண் உருவத்துக்குத் தைத்த மார்புப் பட்டை எங்கே போய் அழுத்தும் என்று யாரும் யோசிப்பதில்லை.

அந்தப் பயணம் முடிந்து வந்து தாராவியில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் புலம்பினேன். நெல்லைக்காரர். அவர் இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தபடியே சொன்னார்: “உடம்புக்குத்தாண்ணே அளவு எடுப்போம். அளவுக்கு ஏத்த உடம்பை எங்க போய்த் தேட?”

இந்தக் கட்டுரையின் சாரம் அந்த ஒரு கேள்விதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலையில் தொடங்கிய தாராவித் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோலையும் துணியையும் மனிதனுக்கு ஏற்றபடி வெட்டித் தந்திருக்கிறார்கள். அங்கே யாரும், இளைத்துவிட்டு வா, சட்டை தைத்துத் தருகிறேன் என்று சொன்னதில்லை. முக்குளிப்புத் தொழில் அதைத்தான் சொல்கிறது.

மாற்று இருக்கிறது, அது புதியதும் இல்லை. பேக்பிளேட் என்று சொல்லும் முதுகுத் தகடு ஒன்று. அதன் துளைகள் வழியே தோளையும் இடுப்பையும் சுற்றி ஓடும் ஒரே நீளப் பட்டை ஒன்று. முதுகுப்புறம் மட்டும் உப்பும் காற்றுப்பை ஒன்று. குகைகளிலும் மூழ்கிய கப்பல்களிலும் இறங்குகிறவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இதைத்தான். இதில் சிறியது, பெரியது என்ற பேச்சே இல்லை. பட்டை நீண்டால் போதும், 60 கிலோவுக்கும் பொருந்தும், 140 கிலோவுக்கும் பொருந்தும். முன்பக்கம் எதுவும் உப்பாததால் நெஞ்சும் வயிறும் நெரிபடுவதில்லை. பட்டை 50 மில்லிமீட்டர் அகல நைலான். பலருக்கு மூன்றரை மீட்டர் போதும், எனக்கு நான்கு மீட்டர். அந்தக் கூடுதல் அரை மீட்டர்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் உள்ள விலை வித்தியாசம். தகடு எஃகாக இருந்தால் அது சுமார் இரண்டரை கிலோ. இடுப்பில் கட்டவேண்டிய ஈயத்தில் ஒரு பகுதி முதுகுக்குப் போய்விடுகிறது. பெரிய வயிறு உள்ளவருக்கு ஈய பெல்ட் சரிந்து இறங்கும், கொக்கி கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தொல்லையும் பாதி குறைகிறது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: ஈயத்தில் ஒரு பகுதி அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றிவிடும்படி இருக்க வேண்டும்.

எதைத் தைத்துக்கொள்ளலாம், எதைத் தைக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். உடம்பைத் தாங்கும் பட்டை தையல் போடாத ஒரே துண்டாக இருக்க வேண்டும். விறைப்பான நைலானாக இருக்க வேண்டும். பைக்குப் போடும் மெல்லிய, வழுக்கும் பட்டை உதவாது. கொக்கி துருப்பிடிக்காத எஃகு. காற்றுப்பையும் அதன் வால்வுகளும் இதற்கென்றே தயாரித்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நீரில் போடும் லைக்ரா உடையைத் தையல்காரர் தைக்கலாம். என்னுடையதை அவர்தான் தைத்தார், கெண்டைக்காலுக்குத் தனியாக ஜிப் வைத்து. கொங்கண் கடலில் நவம்பர் முதல் மார்ச் வரை நீரின் வெப்பம் பெரும்பாலும் 26 டிகிரிக்குக் கீழே போவதில்லை. அந்த நீரில் முக்கால் மணி நேரம் இருக்க எனக்கு 5 மில்லிமீட்டர் ரப்பர் தேவைப்படவில்லை. குளிர் தெரிந்தால் உள்ளே கையில்லாத மெல்லிய நியோப்ரீன் பனியன் ஒன்று போதும். பெரிய உடம்புக்காரர் தேடி அலைந்தும் கிடைக்காத, கிடைத்தாலும் கட்டுப்படியாகாத அந்த மூன்று எக்ஸ் வெட்சூட், நம் கடலுக்குத் தேவையே இல்லாத ஒன்று. நெஞ்சை இறுக்கும் வெட்சூட் மூச்சைக் குறுக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு நீருக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். இறுக்கமானதைப் போட்டுக்கொண்டு சமாளிப்பதைவிடப் போடாமல் இருப்பது மேல்.

இதிலேயே மூன்றாவது வாதமும் ஆட்டம் காண்கிறது. செலவு இரண்டு மடங்கு ஆவது முழு செட்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், அளவுப் பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு. வாங்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

முதலில் மாஸ்க். அதற்கு எடையோடு சம்பந்தமே இல்லை. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க், விலை எதுவாக இருந்தாலும் சரி. அடுத்தது காலில் மாட்டும் துடுப்பான ஃபின். பாதம் அகலமானவர்கள் முழுப் பாதத்தையும் மூடும் வகையை விட்டுவிட்டு, குதிகால் திறந்து பட்டை உள்ள வகையை வாங்குங்கள். உள்ளே போடும் பூட்ஸ் கணுக்கால் அளவோடு நிற்கட்டும். உயரமான பூட்ஸ் கெண்டைக்காலில் மூடாது. பிறகு தைத்த லைக்ரா உடை. இந்த மூன்றோடு ஒரு பருவத்தை ஓட்டலாம். பத்து முறையாவது இறங்கி, இது நம் வாழ்க்கையில் தங்கும் என்று தெரிந்த பிறகு தகடும் பட்டையும் காற்றுப்பையும். காற்றுப்பையில் ஆளுக்கு ஏற்றபடி ராட்சத அளவு வேண்டும் என்பார்கள், நம்பாதீர்கள். அது ஈடுகட்ட வேண்டியது சிலிண்டர் காற்றின் எடையையும் உடை இழக்கும் மிதப்பையும்தான். ஒற்றை அலுமினிய சிலிண்டருக்கும் மெல்லிய உடைக்கும் 12 முதல் 14 கிலோ தூக்கும் பை தாராளம்.

மூச்சுக் கருவியான ரெகுலேட்டரைக் கடைசியில் வாங்குங்கள். அதில் அளவுப் பிரச்சினை கிடையாது, எல்லாருடைய வாயும் ஒன்றுதான். வாங்கினால் ஐரோப்பியத் தரமான ஈ.என். 250 முத்திரை உள்ளதாகவும், பழுது பார்க்கும் ஆள் நம் நாட்டில் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதாக வாங்கினால் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றிய பிறகுதான் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். சிலிண்டரையும் ஈயத்தையும் வாங்கவே வேண்டாம், அவை போகிற இடத்தில் கிடைக்கும். எஃகுத் தகட்டைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு: நாம் போவது ரயிலில். தாதரில் ஏறிக் குடாளில் இறங்கினால் முக்குளிப்பு நடக்கும் தார்கர்லி கிட்டத்தில். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கே 40 கிலோ சாமான் இலவசம்.

மும்பைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. வடாலா, சிவ்ரி பக்கக் கடல் சேறும் உப்பளமும் பூநாரையும்தான். அங்கே முக்குளிக்க முடியாது. ஆனால் ஓர் இரவு ரயில் பயணத்தில், சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றிய பாறைகளும் மீன்களும் உள்ள மால்வண் கடல் வந்துவிடுகிறது. தார்கர்லியில் மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகமே ஸ்கூபா பயிற்சி நிலையம் நடத்துகிறது. இன்னும் தெற்கே முருதேஷ்வரில் இறங்கினால் நேத்ராணித் தீவு. ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் கடல் இருக்கும்போது, இது பணக்காரர்களின் விளையாட்டு என்று நாமே ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நான்காவது வாதம். இதைத் தள்ளிவிட மாட்டேன். முக்குளிப்பில் நேரும் சாவுகளில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. எடை கூடிய உடம்பில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அடைப்பும் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். நைட்ரஜன், நீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும். ஆகவே ஆழத்திலும் நேரத்திலும் பெரிய உடம்புக்காரர் ஒரு படி அடக்கத்தோடு இருப்பது நல்லது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை எச்சரிக்கை கூடிய நிலையில் வைத்துக்கொள்வதும் நல்லது. இதை மறைத்துவிட்டு “எல்லாருக்கும் கடல்” என்று கோஷம் போடுகிறவன் நண்பன் அல்ல.

ஆனால் இந்த உண்மைகள் கேட்பது மருத்துவப் பரிசோதனையை. எடை மெஷினில் ஒரு எண்ணைக் காட்டும்வரை காத்திருக்கச் சொல்வது வேறு விஷயம். உலகெங்கும் பயிற்சிக்கு முன் நிரப்பச் சொல்லும் மருத்துவக் கேள்விப் படிவம், 14 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் நடப்பதோ, நிற்காமல் 200 மீட்டர் நீந்துவதோ உங்களுக்குச் சிரமமா என்று கேட்கிறது. உங்களால் என்ன முடியும் என்பதுதான் அங்கே அளவுகோல். நாற்பத்தைந்தைத் தாண்டியவரிடம் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் என்று கூடுதலாகக் கேட்கும். ஆம் என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். நான் டிரெட்மில் சோதனை செய்துகொண்டேன். ஒவ்வொரு பெரிய உடம்புக்காரரும் செய்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்; முதல் ரூபாய் மாஸ்க்குக்கு முன்னால் இதற்குத்தான். அதே சோதனையை, புகை பிடிக்கிற, நாலு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற 65 கிலோ நண்பரும் செய்ய வேண்டும். அவரை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. ஒல்லி என்பதையே உடல்தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது, குண்டு என்பதையே நோயாக எடுத்துக்கொள்வதைப்போலவே ஆபத்தானது.

பெரிய ஆள் காற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடுவார் என்பதும் ஓரளவு சரி. ஆனால் அதிக ஈயம் கால்களைக் கீழே இழுத்து உடம்பைச் சாய்க்கும்போது, நீரைக் கிழித்துப் போக இரட்டிப்பு உழைப்பு வேண்டியிருக்கிறது. ஈயம் குறைந்து உடம்பு கிடைமட்டமாக நின்றபோது, அதே சிலிண்டர் எனக்கு முன்னைவிட வெகுநேரம் வந்தது. படகில் ஏணி ஏறுவதும் கஷ்டம்தான். அதற்கும் வழி உண்டு: நீரிலேயே பட்டையைக் கழற்றிக் கருவியை மேலே கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறுவது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஆகவே முக்குளிப்பு நிலையங்கள் நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை சிறியது. நான்கு மீட்டர் பட்டை கோத்த முதுகுத் தகடு இரண்டை வாங்கி மாட்டி வையுங்கள். வருகிறவரின் உருவத்தைப் பார்த்து ஈயம் கட்டுவதை நிறுத்துங்கள். ஆழமான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி அளந்து கட்டுங்கள். கடையில் ஒரு இஞ்சு டேப்பைத் தொங்கவிடுங்கள்.

என்னைப்போன்ற உடம்போடு இதைப் படித்துக்கொண்டிருப்பவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் சிறியது. இளைப்பதென்றால் உங்களுக்காக இளையுங்கள், கடலுக்கு நுழைவுச்சீட்டாக வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். பிறகு செம்பூரிலோ தாதரிலோ உள்ள மாநகராட்சி நீச்சல் குளத்தில், அவசரமில்லாமல், நிற்காமல் 200 மீட்டர் நீந்திப் பாருங்கள். முதலில் 50இல் நின்றால் அடுத்த மாதம் 80. அந்த 200 வந்துவிட்ட அன்று தையல்காரரிடம் போய் நின்று கையைத் தூக்குங்கள். அவர் அளவு எடுப்பார். எடை எவ்வளவு என்று கேட்க மாட்டார்.